கல்லடியில் செடி வேண்டாம்

எதிர் ஃபிளாட்டில் சமையலறை மேடைக்குக் கருங்கல் அறுக்கிறார்கள். போன வாரம் தொடங்கிய வேலை இன்னும் முடிந்தபாடில்லை. மெஷின் அலறுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர் விட்டு அறுக்கும்போது ஈரக் கல் சூடாகி ஒரு வாசம் வருமே, அது வாசற்படி தாண்டி என் காபி தம்ளர் வரைக்கும் வந்துவிடுகிறது. நம் பேட்டை பவானிபூரிலேயே அந்த வாசத்தை ஆசையாக இழுத்து மூச்சு வாங்கிய ஒரே ஆள் நீதான்.

நீ இருந்திருந்தால் முதல் நாளே அங்கே போய் நின்றிருப்பாய். மேஸ்திரியிடம் ஒரு சில்லைக் கேட்டு வாங்கி, கூச்சமே இல்லாமல் நாக்கால் ஈரப்படுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். ஈரமானால்தான் கல்லுக்குள் இருக்கும் மணிகள் தெளிவாகத் தெரியும் என்பாய். "பாறை ஆராய்ச்சியில பி.எச்டி வாங்கினவ கல்லை நக்குறதைப் பார்த்தா உன் மாணவங்க என்ன நினைப்பாங்க?" என்று ஒரு தடவை கேட்டேன். "அவனுகளும் நக்குவானுகட்டி, நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாய்.

இந்த வாசத்துக்கு நடுவில்தான் வங்காளத்துப் பீர்பூம் மாவட்டத்திலிருந்து போன் வந்தது. பாறை மேல் பாறையாக நம் கல் கோபுரம் நிற்கும் கிராமத்தில், ஊர்ப் பூஜை நடத்தும் கிளப்பின் செக்ரட்டரி. "தீதி, நல்ல சேதி. உங்க தோழிக்குக் கல்லடியில ஒரு நினைவு மேடை கட்டுறோம். சுத்தி வட்டமா பூச்செடி, நடுவுல பளிங்குப் பலகை, அதுல அவங்க பேர். செங்கல் வந்து இறங்கிடுச்சு. முதல் செங்கல்லை நீங்கதான் வெக்கணும்" என்றார்.

'சரி' என்ற வார்த்தை நுனி நாக்கு வரை வந்துவிட்டது. காரணம் உனக்குத் தெரிய வேண்டும். உனக்குக் குழந்தை குட்டி கிடையாது. பங்குனியில் நீ போன பிறகு உன் அண்ணன் பெங்களூரிலிருந்து வந்து, கேவடாதலா சுடுகாட்டில் காரியங்களை முடித்து, வீட்டையும் காலி செய்துவிட்டுப் போனார். பாவம், அவர் என்ன செய்வார். உன் வாசல் கதவில் இப்போது வேறு யாருடைய பெயரோ இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தெருவின் மறு ஓரத்தில் நடக்கிறேன். உன் பெயர் எங்கேயாவது ஓரிடத்தில் இருக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவளிடம் போய், பளிங்கில் பெயர் என்கிறார் செக்ரட்டரி. ஆனால் கல்லடியில் பூச்செடி என்றதும் உன் முகம் போகும் போக்கு கண்ணில் பட்டது. நேரில் வந்து சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

அந்தப் பக்கப் பாறைகளை எனக்கு முதலில் காட்டியவள் நீ. பனிக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வங்கி வேலை தலைக்கு மேல் கிடந்தபோது, "கணக்கு எங்கயும் ஓடிப் போகாது, கார் சாவியை எடு" என்று கிளப்பினாய். துப்ராஜ்பூரில் மாமா பாக்னே குன்று. மாமனும் மருமகனும் போல ஒட்டி நிற்கும் இரண்டு உருண்டைப் பாறைகள், சுற்றிலும் வீடு உயரத்துக்கு அடுக்கடுக்காகக் கருங்கற்கள். இலங்கைக்குப் பாலம் கட்ட ராமர் ரதத்தில் கல் ஏற்றிக்கொண்டு போகும்போது இங்கே கொஞ்சம் சிந்திவிட்டதாக ஊரில் சொன்னார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். "எங்க ராமநாதபுரத்துக்கு வர வேண்டிய சரக்குடி இது, வழியில இறக்கிட்டாங்க" என்றேன். "உங்க ஊர் ஆளுக சரக்கைச் சரிபார்த்து வாங்கலைன்னா ராமர் என்ன செய்வாரு" என்று நீ கேட்டாய். உங்கள் குடும்பம் திருநெல்வேலியை விட்டு நாலு தலைமுறை ஆகியும் அந்தக் குசும்பு விட்டுப்போகவில்லை.

யார் இப்படி அடுக்கியது என்று நானும் எல்லோரையும் போலத்தான் கேட்டேன். வழியில் வாங்கிய ஈச்ச வெல்லத்தைக் காரின் மூக்கில் வைத்துக் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறினாய். கீறலுக்குள் நொறுங்கிய பிஸ்கட்டைத் திணித்து, டீக்கடைத் தம்ளரில் தண்ணீர் வாங்கி மெதுவாக ஊற்றினாய்.

"பூமிக்குள்ள ஆழத்துல குழம்பா இருந்து ஆறிப்போன கல்லு இது. மேல இருந்த பாரம் தேயத் தேய, நெஞ்சு லேசான மாதிரி விரியும், விரிசல் விடும். விரிசல் வழியாத் தண்ணி இறங்கும். கல்லுல இருக்க ஒரு வகை மணி தண்ணி பட்டுப் பட்டுக் களிமண்ணாப் போயிரும். இப்பச் சொல்லு, இந்தக் கட்டியில எது முதல்ல கரையும்?"

மூலைகள்தான் கரைந்தன. மூலைக்கு மூன்று பக்கமும் தண்ணீர், விளிம்புக்கு இரண்டு பக்கம், முகத்துக்கு ஒரே பக்கம் என்று நீ விரலால் தொட்டுக் காட்டினாய். சதுரமாக இருந்த துண்டுகள் உருண்டையாகின. இவ்வளவும் மண்ணுக்கு அடியில், ஈரத்தில், யார் கண்ணுக்கும் தெரியாமல் நடக்கிற வேலை என்றாய். அப்புறம் மழை மேல் மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. கரையாத கல் மட்டும் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்த இடத்திலேயே வெளியே வருகிறது. "யாரும் அடுக்கலட்டி. சுத்தி இருந்ததெல்லாம் போச்சு, இது நிக்குது. அவ்வளவுதான்." நல்ல வெல்லத்தை வீணாக்கிவிட்டாயே என்று நான் புலம்ப, அந்த வெல்லத் தண்ணீரை எடுத்து நீயே குடித்தாய்.

செக்ரட்டரியின் கிராமத்துக் கோபுரம் அங்கிருந்து கொஞ்ச தூரம். மூன்று பெரிய பாறைகள், ஒன்றன் தலையில் ஒன்று. அதன் நிழல் விழும் இடத்தில் ஆரம்பப் பள்ளி. ஒரு பெருமழைக்கு மறுநாள், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே கோபுரத்தின் அடியிலிருந்து பொடிக்கல்லும் மண்ணும் சரிந்து வராந்தா வரை வந்துவிட்டது. பெற்றவர்கள் பிள்ளைகளை அனுப்ப மறுத்துவிட்டார்கள். வெடி வைத்துத் தகர்த்துவிடலாம் என்று ஒரு காண்ட்ராக்டர் சொன்னார். வைக்கலாமா கூடாதா என்று சொல்லச் சொல்லி அதிகாரிகள் உன்னைக் கூப்பிட்டார்கள். உன் கையெழுத்தை வைத்துத்தான் முடிவு.

'நிற்கும்' என்று நீ சொல்லி அது விழுந்தால்? கீழே இருப்பது பச்சைப் பிள்ளைகள். வழியெல்லாம் இதையே கேட்டுக்கொண்டு வந்தேன். "பார்த்துட்டுச் சொல்லுதேன். பார்க்காம பயப்படவும் மாட்டேன், பார்க்காம தைரியம் சொல்லவும் மாட்டேன்" என்று கண்ணை மூடித் தூங்கிவிட்டாய்.

அங்கே நீ வேலை பார்த்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாய். சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டாய். நல்ல கல் கணீரென்றது. மூன்று பாறைகளும் கணீர்தான். எல்லோரும் அண்ணாந்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருக்க, நீ மண்டியிட்டு அடியைப் பார்த்தாய். என் காதோரம், "கல்லைப் பார்க்காதட்டி, தண்ணி எங்க போகுதுன்னு பாரு" என்றாய்.

தண்ணீர் எங்கேயும் போகவில்லை. கோபுரத்தின் காலடியில் கிளப்காரர்கள் முக்கால் வட்டமாகச் செங்கல் பதித்து, மண் நிரப்பி, சாமந்தி வைத்திருந்தார்கள். காலையும் மாலையும் குழாய் போட்டு ஊற்று ஊற்றென்று ஊற்றியிருக்கிறார்கள். அடிப்பாறைக்கும் தரைக்கும் நடுவில் உளுத்துப்போன கல் ஒரு பட்டையாக இருந்தது. தோட்டம் இல்லாத பக்கம் அதைச் சுரண்டினாய், காய்ந்து இறுகிப்போய் விரலுக்கு நாலு மணிதான் உதிர்ந்தது. தோட்டத்துப் பக்கம் சுரண்டினாய், கொழகொழவென்று கையோடு வந்தது. "அந்தப் பக்கம் ரவை, இந்தப் பக்கம் உப்புமா" என்று என்னிடம் உள்ளங்கையை நீட்டினாய். மழை அந்த உப்புமாவைத்தான் பள்ளி வராந்தாவுக்குக் கொண்டுபோயிருக்கிறது.

ஊர் மொத்தமும் அந்தக் கல்லைக் கும்பிடுகிறது. வீட்டுக்கு ஒரு கூடை மண் சுமந்து வந்து போட்ட தோட்டம் அது. பூஜை நாட்களில் அங்கேதான் முதல் விளக்கு. நீ செக்ரட்டரியைப் பார்த்து வெட்டு ஒன்று துண்டு இரண்டாக, "மண்ணுக்குள்ள ஈரத்துல இருந்தவரைக்கும் கரைஞ்சுக்கிட்டே இருந்த கல் இது. வெளியே வந்து காய்ஞ்சதால நிக்குது. நீங்க திரும்பவும் அதை மண்ணுக்குள்ள புதைக்கிறீங்க. இன்னிக்கே எடுங்க, எடுத்தாத்தான் கையெழுத்து" என்று வங்காள மொழியில் போட்டு உடைத்தாய். மனுஷன் முகம் சாமந்தியை விட மஞ்சளாகிவிட்டது.

அங்கேதான் என் வேலை வந்தது. கல் உன் துறை, மனுஷர்கள் என் துறை. அவரை டீக்கடைக்கு அழைத்துப்போனேன். செடிகளை யாரும் தூக்கி எறியச் சொல்லவில்லை, பள்ளி வாசலில் வையுங்கள், பிள்ளைகள் தண்ணீர் ஊற்றட்டும், கும்பிடுகிற சாமிக்குக் காலில் ஈரம் ஒத்துக்கொள்ளாது என்றால் துடைத்து விடுவதுதானே பக்தி என்றேன். இரண்டாவது டீயில் இறங்கி வந்தார். பொழுது சாய்வதற்குள் ஊரே கூடி, போட்ட கூடைகளாலேயே மண்ணை அள்ளிக்கொண்டு போனது. மழைத்தண்ணீர் விலகி ஓட ஒரு வாய்க்கால் வெட்டச் சொன்னாய். அடிப்பாறையின் இடுக்கில் இரண்டு பக்கமும் சேர்த்துக் கண்ணாடிப் பட்டைகளை ஒட்டினாய். கல் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த மழைக்காலம் முழுக்க உடையவில்லை. அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாய். பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

அதன்பின் மழை ஓய்ந்ததும் நாம் போய்ப் பார்த்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. கடைசித் தடவை உன்னால் முடியவில்லை. நான் போட்டோ அனுப்பினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்து, "நிக்கும்" என்று ஒரே வார்த்தை சொன்னாய். நான் உன்னைப் பற்றிக் கேட்க வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டேன்.

நேற்று போயிருந்தேன். செங்கல் அடுக்கியிருந்தது. சுண்ணாம்புப் பொடியில் வட்டம் போட்டிருந்தார்கள், அதே இடத்தில். தப்பு என்று சொல்ல முடியாது. பிரியம் வந்தால் ஒரு பிடி மண்ணும் ஒரு செடியும் என்றுதான் அந்த ஊருக்குத் தெரியும். செக்ரட்டரி செய்தித்தாளைப் பிரித்துப் பளிங்குப் பலகையைக் காட்டினார். மேலே வங்காளத்தில் உன் பெயர். கீழே தமிழில். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருத்தர்கூட இல்லாத ஊரில், யாரிடமோ கேட்டு வாங்கி, ஓர் எழுத்துப் பிசகாமல் வெட்டியிருந்தார்கள். உடைந்துபோய்விட்டேன். எல்லார் முன்னாலும் அழுதேன்.

அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேண்டாம் என்றேன்.

"செடிகூட இல்லாம, வெறும் மேடை மட்டும்?" என்றார். மேடையும் தண்ணீரைத் தேக்கும் என்றேன். "அப்போ அவங்களுக்குன்னு இங்க ஒண்ணுமே வேண்டாமா தீதி?" என்று அவர் கேட்டார். இது டீக்கடைப் பேச்சில் தீராது. அழைத்துப்போய்க் கண்ணாடியைக் காட்டினேன். பாசி படிந்திருந்தது. துடைத்தேன். முழுசாக இருந்தது. "இந்த இடம் காய்ஞ்சு கிடக்கணும். அவ கேட்டது அது ஒண்ணுதான்" என்றேன். நீ வெட்டும் வெட்டில் பாதியாவது என் குரலில் இருந்திருக்க வேண்டும். அவர் அந்தச் சுண்ணாம்பு வட்டத்தைக் காலால் அழித்தார். வாய்க்காலின் கரை சில இடங்களில் இடிந்திருந்தது. செங்கல் அங்கே போயிற்று. உன் பெயர் என் வீட்டிலாவது இருக்கட்டும் என்று பலகையை என் காரில் ஏற்றச் சொன்னேன்.

அதற்குள் மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. அரிசி பருப்புக் கிச்சுடியும் முட்டையும். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார். வெயில் உச்சியில் இருந்தது. நிழல் என்று பார்த்தால் கோபுரத்தின் அடியில்தான். பிள்ளைகள் வரிசையாக அங்கே போய் உட்கார்ந்தார்கள். நானும் தட்டை வாங்கிக்கொண்டு, அடிப்பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். பசியோ என்னவோ, கேட்டு வாங்கி இன்னொரு தடவையும் சாப்பிட்டேன். எழுந்திருக்கும் வரை ஒரு தடவைகூட மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.