நைனா பக்கத்து ரத்தம்

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

குளித்துவிட்டுக் கால் துடைக்கும்போது பார்த்தேன். வலது குதிகாலுக்கு அடியில் மிளகளவு கறுப்பு. எப்போதிலிருந்து இருக்கிறது? மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் முடிந்ததிலிருந்து மாதம் தவறாமல் மார்பைத் தடவிப் பார்க்கிறேன். பாதத்தை யார் பார்க்கிறார்கள்?

11 பிப்ரவரி

ஆபீஸில் பம்ப் டிராயிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் படித்தேன். மார்பகப் புற்று வந்தவர்களுக்குத் தோலில் மெலனோமா என்கிற புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாம். தோலில் வந்தவர்களுக்கு மார்பகத்திலும் அப்படியே. ஏன்? மார்பு எங்கே, தோல் எங்கே? ஒரே பம்ப் இரண்டு இடத்தில் கசிந்தால் பொதுக் காரணம் தேடுவோம். உடம்பிலும் அப்படித்தானா? பயத்தைவிட இதுதான் நாள் முழுக்க அரித்தது. என் வீட்டுக்காரர் வம்சி, "மொதல்ல டாக்டர்கிட்ட காட்டு, அப்புறம் ஆராய்ச்சி பண்ணு" என்கிறார்.

14 பிப்ரவரி

தோல் டாக்டர் அம்புஜம் விளக்கு வைத்த லென்ஸைக் குதிகாலில் ஒட்டி வைத்து நெடுநேரம் பார்த்தார். "சாதா மச்சந்தானுங்க. ஆறு மாசம் கழிச்சு இன்னொருக்கா காட்டுங்க."

மூச்சு வந்தது. கேள்வி மட்டும் போகவில்லை. கேட்டுவிட்டேன்.

"சில குடும்பங்கள்ல ஒரே மரபணுக் கோளாறு ரெண்டுக்கும் வழிவிடலாமுங்க. எல்லாருக்கும் இல்ல. உங்க ஊட்டுல வேற யாருக்காச்சும் கேன்சர் வந்துருக்குதுங்களா?"

"அம்மா பக்கம் யாருக்கும் இல்லைங்க."

"அப்பா பக்கம்?"

இதுவரை நான் யோசித்ததே இல்லை. மார்பகம் என்றால் அம்மா வழி என்றே இருந்துவிட்டேன். எனக்குள் பாதி நைனாதானே!

16 பிப்ரவரி

மேட்டுப்பாளையம் போனேன். நைனா பாக்கு மண்டியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். உங்கள் பக்கம் யாருக்காவது வந்ததா என்று கேட்டேன்.

"என் தங்கச்சி ரங்கநாயகி போனது அதுலதான். நெஞ்சுல கட்டின்னாங்க. இப்ப எதுக்கு கண்ணு அதெல்லாம்?"

அத்தை காய்ச்சலில் போனதாகத்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

அவர் ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டிருந்தார். ஏன் என்றதற்கு, "செருப்பு கடிச்சுபோட்டுது. ஆறாமக் கெடக்குது." வற்புறுத்திக் கழற்ற வைத்தேன். கட்டைவிரலுக்கு அடியில் கறுப்பு, ஓரம் கலைந்து, நடுவில் புண். டாக்டரிடம் தேடிப்போய்க் காட்டிய என் மச்சம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

18 பிப்ரவரி

நைனா டாக்டரிடம் வரமாட்டாராம். பாக்கு சீசனில் ஆஸ்பத்திரியா என்கிறார்! போனில் கத்திவிட்டேன் — எனக்கு வந்தப்ப, இன்னைக்கே வான்னு என்னை இழுத்துட்டுப் போனது யாருங்க நைனா? உங்க காலு மட்டும் என்ன இரும்பா?

அவர் போனை வைத்துவிட்டார்.

19 பிப்ரவரி

காலையில் கதவைத் திறந்தால் நைனா. "டாக்டர் எத்தன மணிக்கு வருவாங்க?"

6 மார்ச்

மெலனோமாவேதான். நம் ஊர்க்காரர்களுக்கு வெயில் படாத உள்ளங்காலில்தான் அதிகம் வருமாம். இன்னும் பரவவில்லை என்கிறார்கள். கட்டைவிரலை எடுக்க வேண்டும். எனக்கும் அவருக்கும் மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள்.

13 மார்ச்

கட்டைவிரலை எடுத்தாகிவிட்டது. மயக்கம் தெளிந்ததும் நைனா கேட்டது: "மண்டில யாரு இருக்கறாங்க?"

9 ஏப்ரல்

இரண்டு பேருக்கும் ஒரே கோளாறு. பி.ஆர்.சி.ஏ. டூ என்கிற மரபணுவில். நைனாவின் பாதத்தில் வந்ததற்கும் இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். என்னுடையதற்குப் பெரும்பாலும் இதுதான். ஆண்களுக்கும் மார்பகத்தில் வரக்கூடுமாம் — அதையும் அவர் சோதிக்க வேண்டும். பாதி பதில் கிடைத்தது, பத்துக் கேள்வி முளைத்திருக்கிறது.

காரில் நைனா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அன்னூர் தாண்டியதும், "என்னாலதான் உனக்கு வந்துச்சாம்மா, நவ்யா?"

"நீங்க தெரிஞ்சா குடுத்தீங்க? உங்களுக்கும் யாரோ குடுத்ததுதானுங்க நைனா."

தலையை ஆட்டினார். நம்பினாரா தெரியவில்லை.

13 ஏப்ரல்

தங்கை லாஸ்யாவைப் பார்க்கப் போத்தனூர் போனேன். அவளுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. "எனக்குத் தெரியவே வேண்டாங்க்கா. தெரிஞ்சா தெனமும் சாவேன்." நான் வாதாடவில்லை. தெரிந்துகொள்ளத் துடிப்பது என் குணம், அவளுடையது இல்லையே. சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

2 மே

லாஸ்யா தானாகப் போய் ரத்தம் கொடுத்திருக்கிறாள். போன வாரம் நைனாவின் காலுக்குத் தானே மருந்து வைத்துக் கட்டிய அன்றே முடிவு செய்தாளாம்.

31 மே, சனி

லாஸ்யாவுக்கு இல்லை.

நைனா, "அப்பாடா" என்று சத்தமாகவே சொன்னார். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் அழுதாள், என் ரிசல்ட் வந்த அன்று நான்கூட அப்படி அழவில்லை. "உனக்கு மட்டும் ஏங்க்கா? ஒரே ஊட்டுலதான பொறந்தோம்?"

பாதிக்குப் பாதி என்பது தெரியும், அந்தப் பாதி ஏன் என் பக்கம் விழுந்தது என்று எனக்கும் தெரியவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் கேட்கிறேன் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானும் வாரேன், நானே கேக்கறேன்" என்றாள்.