சரவிளக்கில் தொங்குவதற்கு ஒரு விதி

ஜூன் 7, சனி

இன்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் எங்கள் கதையாட்டம் பாதியில் நின்றுவிட்டது. தப்பு என்னுடையதுதானா என்று சாயங்காலம் முழுக்க யோசித்தேன். பாதி என்னுடையது என்று ஒத்துக்கொள்கிறேன்.

கோட்டைக்குள் விருந்து மண்டபம். காவலர்கள் கதவை அடைத்துவிட்டார்கள். மச்சானின் போர்வீரன் வாளை உருவினான். மருந்துக்கடை அக்காவின் மந்திரவாதி வழக்கம்போல மேஜைக்கு அடியில் போய்விட்டாள். என் மனைவியின் திருடி மட்டும் அண்ணாந்து பார்த்தாள். "அந்தச் சரவிளக்கப் பிடிச்சு ஊஞ்சலாடி, இவங்க தலைக்கு மேலயே தாண்டி, ஜன்னல் வழியா போறேன்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

வாள் வீச விதிப்புத்தகத்தில் விதி இருக்கிறது. பூட்டு உடைக்க இருக்கிறது, சுவர் ஏற இருக்கிறது. சரவிளக்கில் ஆட இல்லை. புத்தகத்தில் இல்லாததைக் கதை நடத்துகிறவன் தீர்மானிக்க வேண்டும். கதை நடத்துகிறவன் நான். ஒரு காகிதம் எடுத்தேன். விளக்கின் எடை, திருடியின் எடை, அவள் தோளில் இருக்கும் வெள்ளிப் பாத்திர மூட்டை, ஆடும்போது கூடுகிற இழுவை எல்லாம் போட்டுப் பார்த்தேன். கொக்கி தாங்காது. "பகடையே உருட்ட வேண்டாம், விழுந்துடுவ" என்று சொல்லிவிட்டேன்.

லிஃப்ட் பரிசோதகன் வேறு என்ன சொல்வான்?

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "சரி. நான் விழுந்துட்டேன்" என்றாள். எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். மச்சான் தன் அக்காவான என் மனைவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பஸ் ஓட்டப் போகணும் என்று கிளம்பினான். இன்று அவனுக்கு விடுமுறை.

ஜூன் 9, திங்கள்

அலுவலகக் கணக்காளர், சனிக்கிழமைகளில் நான் என்னதான் செய்கிறேன் என்று கேட்டார். ஒரு உலகத்தை நான் சொல்வேன், மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள், நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவோம், பெரிய எண் விழுந்தால் நடக்கும் என்றேன்.

"யார் சார் ஜெயிப்பாங்க?"

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு?"

சிரித்து மழுப்பினேன். என் மனைவிக்கு அவசரச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் வேலை. முக்கால்வாசி நாள் அவள் வரும்போது நான் கிளம்புவேன், நான் வரும்போது அவள் தூங்குவாள். இருவரும் ஒரே மேஜையில் உட்காருவது சனிக்கிழமை மதியம் மட்டும்தான். அதற்காகத்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

ஜூன் 13, வெள்ளி

நாளைக்கு டியூட்டியாம். அவளாகக் கேட்டு வாங்கியிருக்கிறாள் – யாரும் கேட்டு வாங்காத சனிக்கிழமை டியூட்டியை.

ஜூன் 14, சனி

மூன்று பேராக ஆடினோம். போர்வீரன் வெட்டினான், பகடை. பூதம் வெட்டியது, பகடை. மறுபடி வெட்டு, மறுபடி பகடை.

"மாத்திரை எண்ணிப் போடுற மாதிரியே இருக்கு தம்பி" என்றார் மருந்துக்கடை அக்கா. "இதுக்கு நான் கடையிலயே இருந்திருப்பேன்."

ஜூன் 17, செவ்வாய்

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துடைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தவன் நான்தான்.

"ஒரு விளக்குக்குப் போயி இவ்வளவு கோபமா?"

"கோபமெல்லாம் இல்ல. திருடி விழுந்து செத்திருந்தாக்கூட எனக்கு ஒண்ணுமில்லங்க. பகடையக் கையிலயே குடுக்கலியே நீங்க."

பிறகு அவள் வார்டுக் கதை ஒன்று சொன்னாள். விரல் வீங்கி மோதிரம் சிக்கிக்கொண்ட ஒருவர் வந்திருக்கிறார். அறுக்கும் கருவி பழுது. இவள் தையல் நூலின் நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மீதியை விரலில் நெருக்கமாகச் சுற்றி, அந்த நூலைப் பிரித்துப் பிரித்தே மோதிரத்தை வெளியே கொண்டுவந்துவிட்டாள்.

"அது எந்தப் புத்தகத்துல இருந்துச்சு? நாள் பூரா இதான் என் வேலை. இங்க வந்தா, இல்ல, கிடையாது, முடியாது."

"என் வேலைல புத்தகத்துல இல்லாதத செஞ்சா ஆள் போயிடுவான்மா."

"தெரியும். நம்ம மேஜை லிஃப்டா?"

துடைத்த தட்டையே மறுபடி துடைத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

தீர்வு கண்டுபிடித்துவிட்டேன்! விதி இல்லை என்பதுதானே பிரச்சினை? எழுதிவிட்டால் போச்சு. காலையிலிருந்து உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதியாகிவிட்டது. 'எதிர்பாராச் செயல்களுக்கான விதிகள்.' ஈரத் தரைக்குப் பகடை எண்ணில் கழிவு, இருட்டுக்குக் கழிவு, செருப்பின் வகை, மூட்டையின் கனம் எல்லாவற்றுக்கும் தனித்தனி அட்டவணை. சரவிளக்குக்கே ஒரு பக்கம்.

அவளிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் படித்தாள்.

"கையெழுத்து நல்லாருக்கு" என்றாள்.

ஜூன் 28, சனி

அவள் டியூட்டியில். பதினோரு பக்கத்தை மச்சான் மேல் சோதித்தேன். அவன் போர்வீரன், கொதிக்கிற சூப்பைக் காவலாளியின் முகத்தில் ஊற்றுகிறேன் என்றான். தூரம், கரண்டியின் நீளம், சூப்பின் சூடு, காவலாளியின் தலைக்கவசம்... நாலு அட்டவணை புரட்டி நான் நிமிர்ந்தபோது மந்திரவாதி அக்கா கண்ணயர்ந்திருந்தார்.

"அத்தான்" என்றான் மச்சான். "சூப்பு ஆறிடுச்சு."

அவள் இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பாள்! அவளிடம் சொல்லத்தான் முதலில் தோன்றியது. அவள் நாற்காலியில் விதிப்புத்தகம் உட்கார்ந்திருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவள் இல்லாமல் எனக்கு எதற்கு இந்த ஆட்டம்?

ஜூலை 3, வியாழன்

இன்று நடந்ததை விடாமல் எழுதி வைக்க வேண்டும்.

எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் முதல் லிஃப்டைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து லிஃப்ட் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் ஓர் அம்மா, தனியாக. மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டாமல், அந்த லிஃப்டின் மெக்கானிக் வராமல், கதவில் கை வைக்கக் கூடாது. அது விதி. அதை நான் இன்றும் மீறவில்லை, என்றும் மீற மாட்டேன்.

"மூச்சு முட்டுது சார், கதவ இழுங்க சார்" என்று உள்ளிருந்து அழுகை. காற்று வரும், ஒன்றும் ஆகாது, மெக்கானிக் வந்துகொண்டிருக்கிறார் என்றேன். அழுகை கூடியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, நீங்க ஒரு குகைக்குள்ள இருக்கீங்க. வாசல்ல ஒரு பூதம் நிக்குது. என்ன செய்வீங்க?"

"உங்களுக்குப் பைத்தியமா சார்?"

"இருக்கலாம். பூதம் நிக்குதும்மா."

மூக்கை உறிஞ்சும் சத்தம். "என் பையில சாப்பாடு இருக்கு. பாதி குடுப்பேன்."

பூதத்துக்குச் சாப்பாட்டில் பங்கு கொடுக்கப் புத்தகத்தில் விதி கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைச் சொல்ல வாய் திறந்தேன். மாட்டிக்கொண்டு அழுகிற ஒரு மனுஷியிடம்! அப்போதுதான் எனக்கே என் மேல் ஆத்திரம் வந்தது.

"குடுக்கலாம்மா" என்றேன். "ஆனா அது சாப்பாட்டோட சேர்த்து உங்க கையையும் பிடிச்சுக்கிட்டா?"

"பிடிச்சா பிடிக்கட்டும். முதல்ல அது சாப்பிட்டுச்சானு சொல்லுங்க."

சட்டைப் பையில் எங்கள் இருபது முகப் பகடை எப்போதும் இருக்கும். சிமெண்டுத் தரையில் உருட்டினேன். இருபதில் பதினாலு. "வாங்கிடுச்சும்மா" என்றேன். "உப்பு போதுமானு கேளுங்க" என்றார். அழுகை நின்றிருந்தது.

மெக்கானிக் வந்து லிஃப்டை இறக்குவதற்குள் பூதம் அவருக்குக் காவலாளியாகிவிட்டது. வெளியே வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாதிச் சாப்பாடு அதுக்குப் பத்தாது சார்" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டு வழியாகப் போனார்.

பதினோரு பக்கம் எதற்கு? முதலில் 'ஆகும்' என்று சொல். தப்பினால் என்ன போகும் என்று சொல். அதற்கும் சரி என்றால், பகடையை அவர்கள் கையில் கொடு.

அவ்வளவுதான். பதினோரு பக்கத்தின் பின்பக்கமும் காலிதான், மளிகைச் சாமான் எழுத ஆகும்.

ஜூலை 4, வெள்ளி

அவளிடம் சொன்னேன். சப்பாத்தி மாவில் கை அப்படியே நிற்கக் கேட்டாள்.

"அந்தம்மாவுக்கு மட்டும் கொக்கிக் கணக்குப் போடலியாக்கும்?"

"போடல."

"ம்." மாவைப் பிசைந்தாள். "நாளைக்கு டியூட்டி ஒத்துக்கிட்டேன். மாத்த முடியாது."

அடுத்த வாரத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பயம்தான்.

ஜூலை 12, சனி

வந்தாள்! ஆனால் என் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"இன்னைக்குக் கதை நான் சொல்றேன். நீங்க மாறிட்டீங்களான்னு, நீங்க அந்தப் பக்கம் உக்காந்தாத்தான் தெரியும்."

விதிப்புத்தகத்தைத் தேடினேன். பிரிட்ஜில், காய்கறித் தட்டில், வெள்ளரிக்காய்க்கு அடியில் வைத்திருக்கிறாள். எனக்கு ஒரு கொத்தனார் வேஷம். அதே கோட்டை, அதே மண்டபம், அடைத்த கதவு, காவலர்கள். அதே சரவிளக்கு.

"சொல்லுங்க, என்ன செய்றீங்க?"

கொக்கி தாங்காது. உலகத்திலேயே அது யாருக்காவது நிச்சயமாகத் தெரியும் என்றால் எனக்குத் தெரியும்.

"விளக்கப் பிடிச்சுத் தொங்குறேன்" என்றேன்.

அவள் பகடையைக் கையில் எடுத்தாள். "ஆகும். ஆனா கொக்கி பிடுங்கிச்சுன்னா நீங்க, விளக்கு, கூரை எல்லாம் சேர்ந்து வரும். சம்மதமா?"

"சம்மதம்."

பகடையை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். மாவு வாசனை அடித்தது. வேகமாக உருட்டிவிட்டேன் போல, பகடை சோபாவுக்கு அடியில் ஓடிவிட்டது. நானும் மச்சானும் குப்புறப் படுத்து வெகு நேரம் தேடினோம். கடைசியில் மச்சான் டார்ச் அடித்துப் பார்த்து, அங்கிருந்தே கத்தினான்: "அத்தான்! மூணு!"

"சரி" என்றேன். "நான் விழுந்துட்டேன்."

அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று! மூச்சு வந்ததும் நிமிர்ந்தாள்.

"எங்க விழுந்தீங்கன்னு கேக்கவே இல்லியே? கூரையோட காவலாளிங்க மேலதான்."

மந்திரவாதி அக்கா முதல் தடவையாக மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்து கதவைத் திறந்தார்.

ஜூலை 25, வெள்ளி

அவளுடைய ஆகஸ்ட் மாத ஷிஃப்ட் அட்டவணை வந்துவிட்டது. பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். சனிக்கிழமைகள் எல்லாம் காலி.

"இதெல்லாம் முன்கூட்டியே எழுதிக் கேக்கணுமே, எப்பக் கேட்ட?" என்றேன்.

"நீங்க விழுந்த அன்னைக்குத்தான். போன்லயே கேட்டேன்" என்றாள். "நீங்க அப்ப சோபாவுக்கு அடியில பகடையத் தேடிக்கிட்டிருந்தீங்க."