அவள் தாண்டிப்போன முதல் பாடம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம், என் வலது காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே, அது இன்னும் தனிக்குடித்தனம்தான் நடத்துகிறது. இன்றைக்குச் சின்னவளுக்கு அறிவியல் பரீட்சை. காலையிலேயே அப்பா கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார், வீட்டில் நானும் இந்தக் கட்டிலும்தான். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை என்று எழுதலாம் என்றால் உட்காருவதைத் தவிர வேறொன்றும் முடியாத நிலைமை. ஜன்னலைத் திறக்கிறேன், தெருச் சத்தம் பொறுக்காமல் மூடுகிறேன், மின்விசிறியை நிறுத்துகிறேன், வேர்க்கிறது, மறுபடி போடுகிறேன். பேனாவை எடுத்தால் கை நிற்கிறது, கீழே வைத்தால் மனசு ஓடுகிறது. போனில் பேசலாமே என்பாய், இப்போது நீ ஆய்வகத்தில் இருப்பாய், உனக்கு ஓய்வு கிடைக்கும்போது அவளும் வீட்டில் இருப்பாள், இரண்டே அறை உள்ள வீட்டில் நான் உன்னிடம் இருமினாலும் அவள் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். அப்பா வந்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன், படித்ததும் அழித்துவிடு.

உனக்குச் சின்னவள் மேல் கோபம் என்று எனக்குத் தெரியும். நீ ஆய்வகத்தில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு, குளிக்கக்கூட இல்லாமல் போனை எடுத்து அவளுக்குப் பாடம் சொன்னாய், அவளோ முதல் பாடத்தை எடுத்ததுமே வாயை மூடிக்கொண்டாள். கடைசியில் நீ பொறுக்க முடியாமல் "இதுகூட மண்டையில ஏறலன்னா நீ எதுக்குடி படிக்கிற" என்று கேட்டாய், அவள் போனை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. நீ கூப்பிட்டால் அவள் தலைக்குக் குளிக்கப் போவாள், அவள் இருக்கும் நேரத்தில் நீ கூப்பிடமாட்டாய். நடுவில் நான் தபால்காரி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். உன்மேல் தப்பில்லை, நானும் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். மாதிரிப் பரீட்சையில் அவளுக்கு மதிப்பெண் குறைந்த பிறகு அறிவியல் டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார், ஒளி, ஒலி, வெப்பம், மின்சாரம் எல்லாம் நன்றாகவே எழுதியிருக்கிறாள், முதல் பாடத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு மட்டும் ஒரு எழுத்துகூட எழுதாமல் விட்டிருக்கிறாள் என்று சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் "ஒரு பாடம் மட்டும் எப்பிடி வராம போகும், ஒரு சன்னலுக்கு மட்டும் கண்ணாடி வெட்டத் தெரியாதுங்கற மாதிரி இருக்கு" என்றார். அவரால் அவ்வளவுதான் பேச முடியும், அடுத்த நாள் கடையில் இரண்டு கண்ணாடியை அளவு தப்பி வெட்டினார் என்று பிறகு தெரிந்தது.

நான் பஸ்ஸில் விழுந்த கதை உனக்குத் தெரிந்ததுதான். அன்றைக்கு அவளுடைய டியூஷன் முடிகிற நேரமும் என் தையல் பட்டறை விடுகிற நேரமும் ஒத்துப்போனதால் இரண்டு பேரும் ஒன்றாக ஏறினோம், ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் அவளுடைய வரைபடச் சுருள், குறுக்கே ஒரு ஸ்கூட்டர், டிரைவர் பிரேக் போட்டார், நான் நேரே முன்னால் போய் இன்ஜின் மூடியில் மோதினேன், வலது கால் முறிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. கண்டக்டர் என் ஒற்றைச் செருப்பை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுவந்து கொடுத்ததையும், இனி ஒற்றைக்காலுக்குச் செருப்பெதற்கு என்று நான் கேட்டதில் அந்த மனிதர் அழுதுவிட்டதையும் சொல்லியிருக்கிறேன். நான் உனக்குச் சொல்லாதது ஒன்று உண்டு, அது எனக்கே தெரியாமல் இருந்தது.

படிப்பு விடுமுறை விட்டதும் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படி என்று அவளை நான்தான் கட்டாயப்படுத்தினேன். எட்டாவதோடு நின்றவள் நான், எனக்கு என்ன தெரியும், புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வியை வாசிப்பேன், அவள் பதில் சொல்வாள், பக்கத்தில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்துக்கூட்டிப் பார்ப்பேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. குழியாடி என்றால் என்ன என்று கேட்டால் சாப்பிட்ட கரண்டியைக் கழுவிக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே பிடிப்பாள், உட்புறத்தில் தலைகீழாகத் தெரிவேன், பின்புறத்தில் குட்டியாக நேராகத் தெரிவேன், "எப்பிடிப் பாத்தாலும் மூக்கு பெருசுதாம்மா" என்பாள். தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்று கேட்டால் ஒரு பல்பு போனால் எல்லாம் போவது அது, நம் வீட்டில் குளியலறை பல்பு போயும் சமையலறையில் எரிவது இது என்று விளக்குவாள், அப்படியே அப்பாவைப் பார்த்து அந்தக் குளியலறை பல்பை எப்போது மாற்றப்போகிறீர்கள் என்றும் கேட்பாள். தண்ணீரில் போட்ட பென்சில் ஏன் ஒடிந்தாற்போல் தெரிகிறது, தூரத்தில் இடி விழுந்தால் ஏன் வெளிச்சம் முதலில் வருகிறது, எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் முதல் பாடத்தைத் திருப்பினால் "அது படிச்சாச்சு, அடுத்தது கேளு" என்பாள். மறுபடி கேட்டாலும் அதே பேச்சு. சலித்துப்போய்ப் போன வாரம் ஒரு மத்தியானம் நான் விடாப்பிடியாக "படிச்சதத்தானே கேக்கறேன், சொல்லிட்டுப் போயேன்" என்று முதல் பாடத்தைப் பிரித்து, முன்கூட்டிப் பார்க்காமல் கண்ணில் பட்ட கேள்வியைச் சத்தமாக வாசித்தேன். நிலைமம் என்றால் என்ன. ஓடிக்கொண்டிருக்கும் பேருந்து திடீரென நிறுத்தப்படும்போது அதில் நிற்கும் பயணிகள் முன்னோக்கி... அதோடு வாசிப்பதை நிறுத்திவிட்டேன். கேள்விக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பஸ் படம், உள்ளே வரிசையாக மனிதர்கள் முன்பக்கம் சாய்ந்து நிற்கிறார்கள், ஒருத்தர் கையில் பை வேறு. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ ஒரு பாத்திரமும் இல்லை என்று எனக்குத் தெரியும், தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

கூப்பிட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்துவிடுவாள் என்று பயந்து நான் கூப்பிடவில்லை. நடக்க உதவுகிற சட்டத்தை இழுத்து, அதுவரை தனியாக எழுந்ததே இல்லை, எப்படியோ எழுந்து சமையலறை வாசல்வரை போய்விட்டேன். சத்தம் கேட்டுத் திரும்பியவள் முகம் வெளுத்து ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "யாரும்மா உன்ன எந்திரிக்கச் சொன்னா" என்று கத்தினாள். கத்தியவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, குழாய்ச் சத்தத்தில் எனக்குப் பாதிதான் கேட்டது, "அன்னைக்கு நாந்தான் சொன்னேன், நம்ம ஸ்டாப் வருது எந்திரின்னு நாந்தாம்மா சொன்னேன், நீ உக்காந்திருந்தே" என்றாள். பெரியவளே, எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. யோசித்துப் பார்த்தால் ஆமாம், சொன்னாள், தினமும் யாரோ யாரிடமோ சொல்வதுதானே. நான் மறந்துபோன அந்த ஒரு வார்த்தையை இவள் இத்தனை மாதம் தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள், எனக்குக் கழிப்பறைத் தட்டு வைக்கும்போதும், தலை வாரும்போதும், உன்னிடம் திட்டு வாங்கும்போதும்.

உன்மேல் தப்பில்லை என்று அவளிடம் சொன்னால் நம்பமாட்டாள், அம்மாக்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து, "சரி, நீ சொன்னே, நான் எந்திரிச்சேன். அதோட நான் விழுந்துடலையே. அப்புறம் ஏன் விழுந்தேன், புத்தகம் என்ன சொல்லுது, அதச் சொல்லு" என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். நானும் விடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே "பஸ் நின்னுடுச்சு. உன் கால் பஸ்ஸோட சேர்ந்து நின்னுடுச்சு. உடம்பு மட்டும் முன்னாடி போன வேகத்துலயே போயிட்டிருந்துச்சு" என்றாள். "பின்னாடியிருந்து என்னைத் தள்ளினது யாரு" என்று கேட்டேன். "யாரும் தள்ளல." "முதுகுல கை வெச்ச மாதிரிதானே இருந்துச்சு எனக்கு." "அப்பிடித்தாம்மா தோணும். ஆனா யாரும் தள்ளல. நிறுத்தறதுக்குத்தான் விசை வேணும், போயிட்டே இருக்கறதுக்கு வேண்டாம்" என்றாள். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே, நம் வீட்டுப் பெண் ஆயிற்றே, "இருந்தாலும் நீ உக்காந்திருந்தா விழுந்திருக்க மாட்டே" என்று திருப்பினாள். ஆமாம் என்றேன், பொய் சொல்ல முடியுமா. "உக்காந்திருந்தா ஸ்டாப்ப விட்டிருப்போம், அடுத்த ஸ்டாப்புல எறங்கி நீயும் நானும் சண்ட போட்டுட்டே திரும்பி நடந்திருப்போம்" என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள். குழாயை நான்தான் மூடச் சொன்னேன், மேல்நிலைத் தொட்டியே காலியாகியிருக்கும்.

அதன் பிறகு முதல் பாடத்தை நாங்கள் ஒரு கை பார்த்தோம். உந்தம் கண்டுபிடிக்க என் எடையைக் கேட்டாள், கொஞ்சம் குறைத்துச் சொன்னேன், "இவ்ளோ கம்மின்னா இன்ஜின் மூடிக்கு ஒண்ணும் ஆகியிருக்காதே, உண்மையச் சொல்லும்மா" என்றாள். அது நெளிந்துபோயிருந்ததாம், எனக்கே அப்போதுதான் தெரியும். பந்தைப் பிடிக்கிறவன் கையை ஏன் பின்னுக்கு இழுக்கிறான், மணல் மேல் குதித்தால் ஏன் அடிபடுவதில்லை என்று எல்லாம் கேட்டேன். இடையில் சில நாள் பஸ் படம் உள்ள பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தாள், நான் பார்க்காதது போல் இருந்தேன். பயம் ஒரே நாளில் போய்விடுமா.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேல்வீட்டு நர்ஸம்மா வந்து என் வீக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார், நன்றாக ஆறுகிறதாம், ஆனால் தையல் மெஷினின் மிதியை அழுத்த இன்னும் நாளாகும் என்றார். பட்டறையில் என் மெஷினில் ஒரு புதுப்பெண்ணை உட்கார வைத்திருக்கிறார்களாம், நல்ல வேகம் என்று கேள்வி, அதை நினைத்தால் அது ஒரு பக்கம் அரிக்கிறது. தண்ணீர் குடித்துப் பார்த்தேன், உனக்கு எழுதியதைத் திருப்பிப் படித்தேன். பரீட்சை முடிகிற நேரம் தாண்டிவிட்டது, இன்னும் காணோம். அந்தக் கேள்வி வந்து பேனாவை வைத்துவிட்டாளோ என்று நிமிடத்துக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்க்கிறேன். தெருவில் எந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலும் அவளுடையதாகவே இருக்கிறது.

வந்துவிட்டார்கள். பேனாவைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்து இப்போதுதான் மறுபடி எடுத்தேன், அவள் முகம் கழுவிக்கொண்டிருக்கிறாள். நன்றாகத்தான் எழுதினாளாம், லென்ஸ் கணக்கில் ஒரு இடத்தில் அலகு போட மறந்துவிட்டாளாம், மின்சாரத்தில் ஒன்று சந்தேகமாம். நான் மெதுவாக அந்தக் கேள்வி என்று இழுத்தேன். "அது வரவே இல்லம்மா. அவ்ளோ படிச்சேன், ஒரு மார்க்குக்குக்கூடக் கேக்கல" என்று பரீட்சைத்தாள் எடுத்தவர்கள் மேல் அப்படி ஒரு கோபம். முதல் பாடத்தில் வேறு கேள்விகள் வந்தனவாம், ஒன்றையும் விடவில்லையாம். அப்பா வாசலில் நின்றபடியே எனக்குச் சைகை காட்டினார், முதலில் புரியவில்லை, பிறகு காதோடு வந்து சொன்னார், திரும்பும்போது வண்டி வேண்டாம் என்று அவள் பஸ்ஸில் தனியாக வந்தாளாம், இவர் வண்டியில் பின்னாலேயே வந்தாராம், பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாக அவள் தலை தெரிந்ததாம், ஸ்டாப் வந்து பஸ் முழுதாக நின்ற பிறகுதான் எழுந்தாளாம். அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளாகச் சொல்லட்டும்.

பெரியவளே, பல்லை டாக்டரிடம் காட்டச் சொன்னேனே, காட்டினாயா. தள்ளிப்போட்டால் வலி உனக்குத்தான். ஆய்வகத்தில் நிற்கிற வேலை, காலுக்கு மெத்தென்ற செருப்பு வாங்கிக்கொள், காலின் அருமையை இப்போது நான் சொன்னால் யாரும் மறுத்துப் பேச முடியாது. நீ நன்றாக இருக்கவேண்டும், எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடவேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அவளிடம் மதிப்பெண் எவ்வளவு வரும் என்று கேட்காதே, பஸ் பேச்சையும் எடுக்காதே, நான் எழுதினேன் என்றும் காட்டிக்கொள்ளாதே. உள்ளே வந்து செருப்பைக் கழற்றியதும், தண்ணீர்கூடக் குடிக்காமல் அவள் கேட்ட முதல் வார்த்தை, அக்கா போன் பண்ணாளா என்பதுதான். இன்னும் இல்லை, பண்ணுவாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா