குத்துக்காலிட்டு உட்கார்ந்தவள்

பிப்ரவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

என் கல்யாணத்துக்கு நீ வரவில்லை. அதன் பிறகு பேச்சும் இல்லை. கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படி. நான் முழுகாமல் இருக்கிறேன், நாலாவது மாதம். இதய டாக்டர் என் நெஞ்சுத் தழும்பைப் பார்த்து, "சின்ன வயசுல என்ன நடந்துச்சுன்னு விவரமா சொல்ல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். அம்மா அப்பா போன பிறகு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உன் தங்கை

பிப்ரவரி 14

அடி வாலு,

கடிதத்தைப் பார்த்ததும் துணி வெட்டும் மேசை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரிடம் சொல். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியும் குறுகல். அழுதால் உதடு நீலம் பாரிக்கும். ஓடிப்பிடித்து விளையாடும்போது பாதியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாய். அப்படி உட்கார்ந்தால் மூச்சு லேசாகும் என்று உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாலு வயதில் ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகும்போது, "அக்காவும் வரட்டும்!" என்று கத்தினாய்.

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பிள்ளைப்பேற்றை உன் இதயம் தாங்காது என்ற பயத்தில்தான் உனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று மல்லுக்கு நின்றேன். மற்றபடி உன் புருஷன் மேல் எனக்கென்னடி பகை?

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை டாக்டருக்கு வாசித்துக் காட்டினேன். "உங்க இதயம் தாங்கும். மாசாமாசம் பாத்துக்கலாம்" என்றார்.

நேற்று குழந்தையின் இதயத்தையும் ஸ்கேனில் பார்த்தார்கள். அதிலும் ஒரு ஓட்டை. எனக்கு இருந்ததுபோல இல்லை, ரொம்பச் சின்னது. பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளுமாம். மூடாவிட்டாலும் வழி இருக்கிறதாம்.

இவர் வெளியே வந்து அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. நானும் ஓட்டையோடு பிறந்தவள்தானே? பேருந்தில் நின்றபடி டிக்கெட் கிழிக்கிறேன், உன்னோடு சண்டையும் போடுகிறேன். இன்னும் என்ன வேண்டும்?

இருந்தாலும் நீ பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்.

உன் தங்கை

ஏப்ரல் 9

வாலு,

இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். இரண்டும் "அப்பவே சொன்னேனே" என்றுதான் ஆரம்பித்தன. இது மூன்றாவது.

தையல் கடையை என்னோடு வேலை செய்கிறவளிடம் ஒப்படைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குவேன். உன் வீட்டுக்காரரை ஸ்டேஷனுக்கு அனுப்பு. அவர் முகம் எனக்குத் தெரியாது. உன் சாயலில் யார் இறங்கினாலும் அது நான்தான் என்று சொல்லிவை.

'நீ வராதே, படி ஏறி இறங்கக் கூடாது' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன், பார். வரவேண்டும் போலிருந்தால் வா.

அக்கா