பூண்டு உரிக்கும் கை

என்னங்க,

நான்தான். இங்கே குவைத்தில், ஃபஹாஹீலில் எல்லாரும் சுகம். நீங்கள் உட்கார்ந்து எழுதிய மேசையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. நாடகக் குழுவின் விழா மலருக்கு உங்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு அப்படியெல்லாம் எழுத வராது. உங்களுக்கே எழுதிவிடுகிறேன், மற்றவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

பொங்கல் விழாவுக்கு முதல் நாடகம் போட்டபோது நீங்கள் பைப் ஃபிட்டர். ஆட்களுக்கு டூட்டி மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு வேஷத்துக்கு இரண்டு பேரைப் பழக்கினீர்கள். அன்றைக்கு என்று இரண்டு மாமனார்களுக்கும் லீவு, இரண்டு பேருமே மேடைக்கு வந்துவிட்டார்கள். "ஒருத்தர் பெரிய மாமனார், இன்னொருத்தர் சின்ன மாமனார்னு சொல்லுடா" என்று திரைக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளைக்கு எடுத்துக்கொடுத்தீர்கள். ஜனம் சிரித்து அடங்க நேரமாயிற்று.

அப்புறம் வருஷத்துக்கு ஒரு நாடகம். சென்னையில் ஒரு படத்துக்குக் கதை வசனம் எழுத, இரண்டு வருஷ லீவைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போனீர்கள். படம் ஒரு வாரம்தான் ஓடியது. திரையில் வந்த உங்கள் பெயரை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அது போய்விட்டது. திரும்பி வந்த மறுநாளே சைட்டுக்குப் போனீர்கள். வருத்தமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ?

எதை எழுதினாலும் எனக்கு வாசித்துக் காட்டுவீர்கள். நான் மெஸ்ஸுக்குப் பூண்டு உரித்தபடி கேட்பேன். என் கை நின்றால் அந்த வசனம் இருக்கும். நிற்காவிட்டால் அதைக் கோடு போட்டு அடித்துவிடுவீர்கள்.

கடைசி நாடகத்தில், சைட்டில் புருஷன் இறந்த செய்தி போனில் வருகிறது. பெண்டாட்டி ஒரு முழுப் பக்கம் அழுது பேசுகிறாள். அதை வாசித்தபோது என் கை நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை மாற்றி எழுதுகிறேன் என்றீர்கள். வியாழக்கிழமை எனக்கே போன் வந்தது.

இப்போது அந்த நாடகத்தைப் போடுகிறார்கள். நீங்கள் கடைசியாக எழுதியது, ஒரு எழுத்தும் மாறக் கூடாது என்கிறார்கள். பெண்டாட்டி வேஷம் போடும் வெல்டர் முருகேசன் அந்தப் பக்கத்தை மனப்பாடமே செய்துவிட்டார். போன வாரம் ஒத்திகையில் நான் எழுந்து, அது வேண்டாம் என்றேன்.

"அண்ணன் எழுதுனதுல நாம கை வைக்கலாமா அண்ணி?"

"அண்ணனே அடிச்சிருப்பாரு, தம்பி."

பூண்டு விஷயத்தைச் சொன்னேன். அப்படியானால் அவள் என்னதான் பேசுவது என்று கேட்டார். உங்கள் சூப்பர்வைசர் போன் செய்தபோது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

"மத்தியானம் சாப்பிட்டாரா?"

சேலைக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்த முருகேசனின் கை நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்தை உங்கள் பேனாவாலேயே அடித்து, மேலே அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இனி குழுவில் யார் எழுதிக்கொண்டு வந்தாலும் பூண்டு உரித்தபடியே கேட்பேன். யார் மனசுக்காகவும் கையைப் பொய்யாக நிறுத்த மாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி
செல்வி