பளபளத்த தையல்

அன்புள்ள அம்மாவுக்கு ஜோவிதா எழுதுவது.

முட்டி வலி குறைந்ததா? போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுக்கும் என்று எழுதுகிறேன். போன வாரம் எனக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆனது. பயப்படாதீர்கள்.

தையலில் சீழ் பிடிக்கிறதா என்று பார்க்க, தினமும் போட்டோ எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார்கள். முதல் போட்டோவைப் பார்த்ததும் நர்ஸ் கூப்பிட்டார்.

“காயம் இவ்ளோ பளபளன்னு இருக்காதும்மா. போன் கேமராவுல மூஞ்சிய மெழுகிக் காட்டுற பியூட்டி மோடை ஆஃப் பண்ணிட்டு எடு.”

அப்படி எடுத்தால் தையலைச் சுற்றிச் சிவப்பு. மாத்திரையை மாற்றிவிட்டார்கள். இதை எழுதும்போதே நாலு தடவை எழுந்து காயத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டேன்.

தையலில் உரசாமல் கட்டிக்கொள்ள உங்கள் பழைய பருத்திப் புடவை ஒன்று வேண்டும். பார்சல் வேண்டாம், கையில் கொண்டுவாருங்கள். நான் தங்கியிருக்கும் லிங்கராஜபுரத்துக்கு வழி சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குச் சிரித்தபடி ஒரு போட்டோ அனுப்பினேனே, அதுவும் பியூட்டி மோடில் எடுத்ததுதான்.

ஜோவிதா