லென்ஸ் இல்லாத படம்

ஜூன் 8, 2024
காலையில் வடசேரி ஸ்டுடியோவைத் திறந்ததுமே சுயம்பு வந்தான். எங்கள் புகைப்படக்காரர் சங்கச் செயலாளர். ஆகஸ்டில் கண்காட்சிப் போட்டி, தலைப்பு ஐம்பூதங்கள். ஆளுக்கு ஐந்து படம், ஒவ்வொன்றும் வேறு வேறு முறையில் எடுத்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் சேர்க்க மாட்டார்கள்.

என் பெயரைக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் கல்யாண ஆல்பம் அடுக்கிக்கொண்டிருந்த என் மனைவி சுபிதா திரும்பாமலே, "எனக்க பேரையும் எழுதுங்க" என்றாள். சுயம்பு சிரித்தான். நானும்தான். பதினொரு வருஷமாக என் படங்களுக்கு நிறம் திருத்துகிறவள். பழைய கேமரா சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கொள் என்றேன்.

ஜூன் 16
திற்பரப்பு. ஷட்டரை நான்கு விநாடி திறந்துவைத்து அருவியைப் பால்போல எடுத்தேன். அவள் நேர்மாறாக, ஷட்டரை வேகமாக வைத்து, பாறையில் தெறித்த துளிகளை அந்தரத்தில் நிறுத்திவிட்டாள். கண்ணாடிச் சில்லு மாதிரி. என்னுடையது காலண்டர் படம்.

கொஞ்சம் மங்கலா இருக்கே என்றேன். மங்கல் இல்லை. எனக்குத் தெரியும்.

ஜூன் 23
மண்ணுக்காக மணவாளக்குறிச்சி. நான் கடற்கரை முழுவதையும் அகலமாக எடுத்தேன். அவள் லென்ஸைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மணலில் குப்புறப் படுத்தாள். கறுப்பு, சிவப்பு, ஊதா - ஒவ்வொரு மணலும் ஒரு பாசிமணி. யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். யூடியூபாம். நான் இல்லை.

ஜூலை 2
ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளை எடுத்தேன். அவள் என்ன எடுத்தாள் என்று கேட்கவில்லை.

ஜூலை 3
அவள் குளிக்கப் போன நேரம் அவளுடைய மெமரி கார்டைப் போட்டுப் பார்த்துவிட்டேன். வாழைத்தோட்டம். ஒரே படத்தில் ஆறு படம் ஒன்றன்மேல் ஒன்று. கிழிந்த இலையெல்லாம் நடுங்குகிறது. காற்றாலையே இல்லை, காற்று மட்டும்.

இது எனக்கு ஏன் தோணல்ல? இருபது வருஷமா கேமரா பிடிக்கிறவன் நானா அவளா?

ஜூலை 14
தீயில் நான் தோற்கவில்லை. கொல்லப்பட்டறையில் நான் எடுத்த பொறிகள் அவளுடைய அடுப்புச் சுவாலையைவிட நன்றாக வந்திருக்கின்றன. "உங்களுக்கதுதான் கொள்ளாம்" என்று அவளே சொன்னாள். அவளால் அப்படிச் சொல்ல முடிகிறது.

ஜூலை 21
நான் ஆகாயத்துக்கு மேகம் எடுத்தேன். அவள் கேமராவின் வாயை மூடுகிற பிளாஸ்டிக் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, லென்ஸே இல்லாமல் எடுத்திருக்கிறாள். எங்கள் மொட்டைமாடி, கொடித்துணி, அதற்குமேல் வானம். எல்லாம் மூச்சுப் பட்ட கண்ணாடியில் தெரிவது போல.

"ஆகாயம்னா ஒண்ணுமில்லாத எடம்தானே. அதான் ஒண்ணுமில்லாத ஓட்டை வழியா எடுத்தேன்" என்றாள்.

ஒரு மூடி வீணாப்போச்சு என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 28
இரண்டு பேர் படங்களையும் ஸ்டுடியோ மெயிலிலிருந்து அனுப்பினேன். என்னுடையது ஐந்து. அவளுடையது நான்கு. ஊசி ஓட்டை வழியாக எடுத்த அந்த ஐந்தாவதைச் சேர்க்கக் கை போகவில்லை. அனுப்பியாச்சா என்று கேட்டாள். ஆச்சு என்றேன்.

ஜூலை 29
கடைசி நாள் 31. இன்னும் அனுப்பலாம்.

ஜூலை 30
அனுப்பல்ல. என்ன மனுஷன் நான்?

ஜூலை 31
மத்தியானம் சுயம்பு போன் செய்தான். சுபிதாவின் படம் ஒன்று விட்டுப்போயிருந்ததாம், இப்போதுதான் அவளே அனுப்பினாளாம். போனை வைத்துவிட்டுப் பார்த்தேன். ஆல்பம் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 18
கோட்டாறில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி. முதல் பரிசு சுபிதாவுக்கு. என் ஐந்தும் கதவுக்குப் பின்னால்.

படங்களுக்குக் கீழே ஸ்டுடியோ பெயர்தான் பெரிதாக இருந்தது. கல்லூரி ஆசிரியர் ஒருவர் அந்த ஓட்டைப் படத்தைக் காட்டி, இப்படியொரு யோசனை எப்படி வந்தது என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கையை உடனே விடுவித்துக்கொள்ளவில்லை நான். நன்றி என்றுகூடச் சொல்லிவிட்டேன். பிறகுதான், "அது நான் எடுத்தது இல்ல. எனக்க வீட்டுக்காரி எடுத்தது" என்றேன்.

திரும்பும் வழியில் பைக்கை ஓரம் கட்டினேன். "அந்தப் படத்தை நான் மறக்கல்ல. வேணும்னேதான் விட்டேன்."

"அன்னிக்கே மெயிலைத் திறந்து பார்த்தேன்" என்றாள். "நீங்களா அனுப்புவீங்கன்னு மூணு நாள் காத்திருந்தேன்."

பைக்கை மறுபடி கிளப்பினேன்.

ஆகஸ்ட் 20
சாப்பாடு போடுகிறாள். பேசவில்லை.

ஆகஸ்ட் 23
"பழைய கேமராவில ஷட்டர் ஒட்டுது. உங்களுக்க புதுசை நான் எடுத்துக்கிடுதேன்" என்றாள். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னாள். சரி என்றேன். ஐந்து நாளில் முதல் பேச்சு.

செப்டம்பர் 1
தோவாளையில் கல்யாணம். பெண் வீட்டார் கண்காட்சியைப் பார்த்துவிட்டு அவளைத்தான் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். அவள் படமெடுக்க, நான் விளக்குப் பிடித்தேன். தாலி கட்டும்போது எங்கே நிற்பாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் வழக்கமாக நிற்கிற இடம் அதில்லை, அதைவிட நல்ல இடம். அந்த எரிச்சல் இன்னும் இருக்கிறது. இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

பந்தியில் பக்கத்து இலைக்காரர், பெண்ணின் மாமா, "நீங்க அந்த அம்மாவுக்கு அசிஸ்டெண்டா?" என்று கேட்டார்.

ஆமா என்றேன். பாயசத்தில் போளியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன்.